2147483647: ஒரு பகா எண்ணும் அதன் இரு அண்டை எண்களும்

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் பணிபுரியும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. வாடிக்கையாளர் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது, கைப்பேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் ஒரே எண்ணாக 2147483647 பதிவாகிவிட்டது. அது ஒரு பகா எண் என்று உடன் பணியாற்றுபவர் சொல்கிறார். உண்மையிலேயே அது பகா எண்தானா, கணினிக்கும் பகா எண்ணுக்கும் இதில் என்ன தொடர்பு, அந்த எண்ணுக்குக் கணிதத்தில் வேறு ஏதேனும் சிறப்பு உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

பகா எண்தான். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. கணினித் தரவுத்தளத்தில் சாதாரண முழு எண்ணுக்கு 32 இரும இலக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று மிகை, குறை என்னும் குறியைக் காட்டப் போய்விடுவதால், எஞ்சிய 31 இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2³¹ − 1, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்தால், கண்டிப்பு இல்லாத அமைப்பில் இயங்கும் சில தரவுத்தளங்கள் பிழை என்று சொல்லி நிறுத்தாமல், தம்மிடம் உள்ள உச்ச எண்ணையே பதிந்துவிடும். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்குவதால் ஒன்றுகூட இந்த வரம்புக்குள் அடங்காது. தொலைபேசி எண்களும் அப்படியே. திருப்பூருக்கு 0421, கோவைக்கு 0422, ஈரோட்டுக்கு 0424, சேலத்துக்கு 0427 என்பதால், முன்னாலுள்ள சுழியம் போனபின் இவை யாவும் 400 கோடியைத் தாண்டும் பத்து இலக்க எண்களாகி வரம்பில் முட்டிக்கொள்ளும். 011 என்று தொடங்கும் தில்லி எண்கள் போன்ற சில மட்டும் தப்பிக்கும். தொலைபேசி எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்பதால் அதை எழுத்து வகையாகவே சேமிக்க வேண்டும். இழந்த எண்களை இந்தப் புலத்திலிருந்து மீட்க வழியில்லை. பழைய கோப்பைத்தான் தேட வேண்டும்.

இனி அவர் கேட்டதில் எனக்கு முதன்மையாகப் படும் பகுதிக்கு வருகிறேன். கணினியின் வரம்பு பகா எண்ணாக அமைந்தது வடிவமைத்தவர்களின் நோக்கமன்று. 16 இரும இலக்கக் கணினிகளின் வரம்பான 32767 பகா எண் அன்று. அது 7 × 31 × 151. இன்றைய 64 இலக்க முழு எண்ணின் வரம்பான 2⁶³ − 1 என்பதும் 7-ஆல் வகுபடும். ஆயின் 8 இலக்கத்தின் வரம்பான 127 பகா எண். 32 இலக்கத்தின் வரம்பும் பகா எண். 128 இலக்கத்துக்கு உரிய 2¹²⁷ − 1 என்னும் 39 இலக்க எண்ணும் பகா எண்ணே. இப்படி விட்டு விட்டு அமைவதற்கு ஒரு காரணம் உண்டு. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் கட்டாயம் பகு எண்ணாகிவிடும். 15 என்பது 3 × 5 ஆகையால் 2¹⁵ − 1 என்பதை 2³ − 1 ஆகிய 7-உம் வகுக்கும், 2⁵ − 1 ஆகிய 31-உம் வகுக்கும். 63-உக்கும் இதே கதிதான். 7, 31, 127 ஆகிய அடுக்குகள் பகா எண்களாக இருந்ததால் அவற்றுக்கு வாய்ப்பு இருந்தது, அவ்வளவுதான். வாய்ப்பு இருந்தால் போதாது என்பதற்கு 2¹¹ − 1 சான்று: 11 பகா எண், ஆனால் 2047 என்பது 23 × 89.

இவ்வகைப் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். பிரெஞ்சுத் துறவியான மாரன் மெர்சென் 1644-இல் 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்று எழுதினார். 67-உம் 257-உம் அந்தப் பட்டியலில் இருந்திருக்கக் கூடாது. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுவிட்டன. ஆனால் 31 சரி. அது சரி என்று நிறுவப்படுவதற்குள் நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. நிறுவியவர் லியோனார்ட் ஆய்லர்; ஆண்டு 1772. அப்போது அவருக்குப் பார்வை ஏறத்தாழ முழுவதுமாகப் போய்விட்டிருந்தது.

ஆய்லர் செய்ததை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெரிய எண்ணைக் கையாளும் கலை அதில் முழுமையாகத் தெரிகிறது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே அந்த எல்லை 46340. அதுவரை உள்ள பகா எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆய்லர் வகுக்கத் தொடங்குமுன், வகுக்கக்கூடிய எண் எப்படி இருந்தாக வேண்டும் என்று கேட்டார். q என்னும் பகா எண் 2³¹ − 1 என்பதை வகுப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 2-இன் அடுக்குகளை q-ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதிகள் 31 படிகளுக்கு ஒருமுறை 1-க்குத் திரும்புகின்றன. 31 பகா எண் என்பதால் இதைவிடச் சிறிய சுற்று இருக்க முடியாது. ஃபெர்மாவின் தேற்றப்படி q − 1 படிகளிலும் மீதி 1 ஆக வேண்டும். ஆகவே 31 என்பது q − 1-ஐ வகுத்தாக வேண்டும். q ஒற்றை எண் என்பதால் 62-உம் வகுத்தாக வேண்டும். ஃபெர்மா அறிந்திருந்தது இவ்வளவு. இதற்கு மேல் இன்னொரு நிபந்தனையும் உண்டு: 2³² என்பதை q-ஆல் வகுத்தால் மீதி 2 ஆகிறது, 2³² என்பதோ 2¹⁶-இன் வர்க்கம், ஆகவே q-ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்க்கும் மீதிக் கணக்கில் 2 ஒரு வர்க்க எண்ணாகிவிடுகிறது. அத்தகைய q-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், q-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 63 ஆகவோ இருக்க வேண்டும் என்று ஆகிறது. 46340 வரை இப்படிப்பட்ட எண்கள், 3-ஆல் வகுபடும் 63-ஐ நீக்கினால், 372 மட்டுமே. அவற்றுள்ளும் பகு எண்களை விலக்கிவிடலாம். 249 என்பது 3 × 83. அடுத்த 311 பகா எண். அதனால் நம் எண்ணை வகுத்தால் 35 மீதி. அதன்பின் 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாமே பகு எண்கள். 1303 பகா எண், மீதி 226. நூல் கடைகளிலும் மஞ்சள் மண்டிகளிலும் மேசைமேல் இருக்கும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, பொறுமையுள்ள பள்ளி மாணவர் ஒருவர் விடுமுறை நாள்கள் சிலவற்றில் ஆய்லரின் நிறுவலை முழுவதும் தாமே சரிபார்த்துவிட முடியும். என் மாணவர்களைத் தொடர்ந்து இதைச் செய்யச் சொல்லி வருகிறேன். காரணிகள் எங்கே இருக்க முடியாது என்று அறிவதே பாதி வெற்றி என்பதை வேறு எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகக் கற்பிப்பதில்லை.

வகுத்துப் பார்க்காமலேயே இதை நிறுவும் வழியை 1876-இல் எடுவார் லூகா காட்டினார். அதை 1930-இல் டி. எச். லேமர் இன்றைய எளிய வடிவுக்குக் கொண்டுவந்தார். 4-இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்த மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் மீதி சுழியமானால் அது பகா எண். சுழியம் ஆகாவிட்டால் பகு எண். 2⁷ − 1 ஆகிய 127-க்குச் செய்து பார்ப்போம். 4, பிறகு 14, பிறகு 194 − 127 = 67, பிறகு 42, பிறகு 111; 111-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் 12319, அது சரியாக 97 × 127. ஐந்தாம் படியில் சுழியம். 2147483647-க்கு 29 படிகள் போதும். ஆய்லருக்குத் தேவைப்பட்ட ஏராளமான வகுத்தல்கள் இங்கே 29 பெருக்கல்களாகச் சுருங்கிவிட்டன.

இந்தச் சோதனை ஏன் இவ்வளவு எளிமையாக அமைகிறது என்பதில்தான் இந்த எண்ணின் இயல்பு அடங்கியிருக்கிறது. ஒரு பகா எண்ணைப் பற்றி நாம் அறிய விரும்பும் பலவற்றையும் அதற்கு முந்தைய எண்ணின் காரணிகளும் அடுத்த எண்ணின் காரணிகளும் முடிவு செய்கின்றன. பொதுவாக ஒரு பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது மிகக் கடினம். ஆகவே பெரும்பாலான பெரிய பகா எண்களின் அண்டை எண்கள் நமக்கு இருட்டாகவே இருக்கின்றன. இந்த எண்ணுக்கு இரு பக்கமும் வெளிச்சம். அடுத்த எண் 2³¹, அதில் 2-ஐத் தவிர வேறு பகாக் காரணி இல்லை. லூகாவின் சோதனை அதைப் பற்றிக்கொண்டுதான் நடக்கிறது. முந்தைய எண்ணை ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமே உடைத்துவிடும்: 2³¹ − 2 என்பது 2 × (2³⁰ − 1), அது 2 × (2¹⁵ − 1) × (2¹⁵ + 1), அதாவது 2 × 32767 × 32769. முதலாவது நாம் முன்பு கண்ட 16 இலக்கக் கணினியின் வரம்பு, 7 × 31 × 151. இரண்டாவது 9 × 11 × 331. ஆகவே 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. மிகப் பெரிய காரணியே 331 என்னும் அளவுக்கு அது சிறு துண்டுகளாக உடைகிறது.

இதிலிருந்து கிடைக்கும் பயன் பெரிது. 2147483647-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் கணக்கில் ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போனால், அது எத்தனை படிகளில் 1-க்குத் திரும்பும் என்பது 2147483646-இன் ஒரு காரணியாகவே இருக்கும். 2 வெறும் 31 படிகளில் திரும்பிவிடும். 7-ஐ எடுத்துக்கொண்டால், அது 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்பும். இப்படி முழுச் சுற்றுச் செல்லும் எண்களுள் மிகச் சிறியது 7. இத்தகையவை மொத்தம் எத்தனை என்று மேற்கண்ட காரணிகளைக் கொண்டு கணக்கிடலாம்: 1 × 6 × 6 × 10 × 30 × 150 × 330, அதாவது சரியாக 53 கோடியே 46 லட்சம். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு முழுமையான விடை வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. 7 முழுச் சுற்றுச் செல்கிறது என்பதே 2147483647 பகா எண் என்பதற்குத் தனியான இன்னொரு நிறுவலும் ஆகும். பகு எண்ணுக்கு அவ்வளவு நீண்ட சுற்று அமையவே முடியாது.

நிரலாளர்களுக்கு இது நேரடியாகப் பயன்பட்டிருக்கிறது. பார்க், மில்லர் என்னும் இருவர் 1988-இல் பரிந்துரைத்த சமவாய்ப்பு எண் முறை, கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்த மீதியை அடுத்த எண்ணாகத் தருவது. 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. மேலுள்ள காரணிப் பட்டியலில் 5 இல்லாததால் இந்த அடுக்கும் முழுச் சுற்றுச் செல்லும். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று எண்கள் குதித்துக்கொண்டு போகும். பத்தாயிரமாவதாக 1043618065 வர வேண்டும் என்பது நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அவர்களே கொடுத்த சோதனை. சி++ மொழியின் நூலகத்தில் இந்த முறை இன்றும் இருக்கிறது. கடவுச்சொல், மறையீடு போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. ஓர் எண் தெரிந்தால் அடுத்த எண்கள் எல்லாம் தெரிந்துவிடும்.

மீதி காண்பதும் இங்கே வகுத்தல் இல்லாமல் நடக்கிறது. ஓர் எண்ணை 9-ஆல் வகுத்த மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்தோம்; 9 என்பது 10-ஐவிட ஒன்று குறைவு என்பதே அதன் காரணம். அதே காரணத்தால், எந்த எண்ணையும் இருமத்தில் எழுதி 31 இலக்கங்களுக்கு ஒரு துண்டாக வெட்டித் துண்டுகளைக் கூட்டினால் 2147483647-ஆல் வகுத்த மீதி வந்துவிடும். கணினிக்கு வகுத்தல் சுமை, கூட்டல் எளிது. ஒரு கணக்கீடு சரியாகச் செய்யப்பட்டது என்பதை அதை மறுபடி செய்யாமலே மெய்ப்பிக்கும் மெய்ப்பிப்பு மறையீட்டியல் எனும் துறையில், 2024-இல் வெளிவந்த ஒரு முறை இந்த எண்ணையே அடித்தளமாகக் கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அடுத்த எண்ணைச் சார்ந்தது: மீதிக் கணக்கில் x² + y² = 1 என்னும் வட்டத்தை வரைந்தால் அதன்மேல் சரியாக 2³¹ புள்ளிகள் இருக்கின்றன, பாதி, பாதியின் பாதி என்று இறுதிவரை பிரித்துக்கொண்டே போகலாம்.

வர்க்கமூலம் காண்பதும் இப்படியே எளிது. இந்த மீதிக் கணக்கில் 2-இன் வர்க்கமூலம் என்ன? 65536. கால்குலேட்டரில் 65536-ஐ 65536-ஆல் பெருக்கினால் 4294967296. அதிலிருந்து 2147483647-ஐ இருமுறை கழித்தால் மீதி 2. வர்க்கமூலம் உள்ள எந்த எண்ணுக்கும் அதை 29 முறை அடுத்தடுத்து வர்க்கப்படுத்தினாலே வர்க்கமூலம் கிடைத்துவிடும். சாதாரண எண்களின் உலகிலோ இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவோ மூன்று வர்க்கங்களின் கூட்டலாகவோ எழுதவே முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எண்கள் எல்லாவற்றுக்கும் நான்கு வர்க்கங்கள் தேவை.

பகா எண்களின் வரிசையில் இது 10 கோடியே 50 லட்சத்து 97 ஆயிரத்து 565-ஆவது. இதற்கு முந்தையது 18 குறைவான 2147483629. அடுத்தது 12 கூடுதலான 2147483659. இந்த அளவிலுள்ள எண்களில் சராசரியாக 21 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக வரும் என்பதால் இவை இயல்பான இடைவெளிகளே. எந்த எண்ணுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது உண்டு என்னும் முடிவுக்கு 1919-இல் மிகச் சுருக்கமான நிறுவல் ஒன்றை எழுதியவர், 1887-இல் நம் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன். அவர் அதோடு நிற்காமல், 11-இலிருந்து எந்த எண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் பாதிக்கும் இடையே குறைந்தது இரண்டு பகா எண்கள், 17-இலிருந்து மூன்று, 29-இலிருந்து நான்கு, 41-இலிருந்து ஐந்து என்று காட்டினார். நம் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் இடையே உள்ளவை 5 கோடிக்கும் மேல். அவர் பிறந்த ஊரில் வாழும் மாணவர்களுக்கு அவருடைய பெயர் தெரிந்த அளவுக்கு இந்த நிறுவல் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கல்லூரி முதலாண்டுக் கணிதம் இருந்தால் பின்தொடர முடிந்த நிறுவல்தான் அது.

பழங்காலக் கிரேக்கர்கள் இந்த எண்ணுக்கு வேறொரு காரணத்தால் மதிப்பளித்திருப்பார்கள். தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தனக்கே சமமாகும் எண் நிறைவெண்; 6 = 1 + 2 + 3 போல. 2³⁰ × (2³¹ − 1) ஆகிய 2305843008139952128 அப்படிப்பட்ட எட்டாவது நிறைவெண். 1811-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி எவரும் கண்டறிய வாய்ப்பில்லை, பயனற்ற ஆர்வத்துக்காக யார் இவ்வளவு உழைப்பார்கள் என்னும் பொருளில் எழுதினார். அவர் எழுதிய நூற்றாண்டிலேயே அது பொய்த்தது. 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். இதுவரை கண்டறியப்பட்டவற்றுள் அது 52-ஆவது மெர்சென் பகா எண். அதையும் லூகாவின் சோதனைதான் உறுதி செய்தது.

இறுதியாக ஒன்று. 2-இன் அடுக்காக ஒரு மெர்சென் பகா எண்ணையே வைத்தால் என்ன ஆகும்? 3-ஐ வைத்தால் 7, 7-ஐ வைத்தால் 127, 31-ஐ வைத்தால் நம் எண், 127-ஐ வைத்தால் லூகா 1876-இல் நிறுவிய 39 இலக்க எண். நான்கும் பகா எண்கள். இது தொடரும் என்று நம்பத் தோன்றும். ஆனால் நம் எண்ணையே அடுக்காக வைத்த 2²¹⁴⁷⁴⁸³⁶⁴⁷ − 1 பகா எண் அன்று என்பது 1983-இல் தெரியவந்தது. எழுதினால் 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை 295257526626031 என்னும் 15 இலக்கப் பகா எண் வகுக்கிறது. இங்கும் ஆய்லரின் வழியே உதவியது: வகுக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது 2147483647-இன் இரு மடங்கால் வகுபட வேண்டும், இங்கே வகுத்தால் 68745 வருகிறது. லூகாவின் 39 இலக்க எண்ணை அடுக்காக வைத்தால் கிடைக்கும் எண் பகா எண்ணா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. லூகாவின் சோதனையை அதற்குச் செய்ய வேண்டிய படிகளின் எண்ணிக்கையே 39 இலக்க எண் என்பதால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆய்லரைப் போல அதன் காரணி இருக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகத் தேடுவதே இப்போது இயலக்கூடியது, இதுவரை ஒரு காரணியும் அகப்படவில்லை.